சிபெலே அன்னையின் அண்ணகப் பூசாரிகள்: நீங்கள் கண்ட தடயங்களைச் சொல்லுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். பழைய ரோமானியர் வணங்கிய தாய்த் தெய்வமான சிபெலே அன்னைக்காகத் தங்கள் ஆண்மையைத் தாங்களே அறுத்துக்கொண்ட பூசாரிகளுக்குக் கல்லுஸ் என்று பெயர். ஃபிரிகியாவில், அதாவது இன்றைய துருக்கியில், அதே பெயரில் ஓடிய ஓர் ஆற்றின் நீரைக் குடித்தால் பித்துப் பிடிக்கும் என்று நம்பினார்கள். பூசாரிகளின் பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்குச் சேவல் என்றும் பொருள் உண்டு. ரோமானியக் கவிஞர்களுக்குக் கேலி செய்ய அது போதுமாக இருந்தது. நான் படித்ததில் பெரும்பகுதி அந்தக் கேலிதான்.

அதனால்தான் ரோமின் கபிட்டோலின் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அந்தப் புடைப்புச் சிற்பத்தின் முன் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. லனுவியம் பக்கம் கிடைத்தது, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. மார்பளவு உருவம். தலையில் முக்காடு, அதன்மேல் பதக்கங்கள் பதித்த மகுடம், மார்பில் ஆட்டிஸின் உருவம் (அன்னையின் காதலன், அவளுக்காகத் தன்னை அறுத்துக்கொண்டவன்). பக்கத்தில் கைப்பறை, தாளம், இரண்டு குழல்கள். தோளில் ஒரு சாட்டை. அதன் கயிறுகளில் எலும்புத் துண்டுகளைக் கோத்திருக்கிறார்கள். மார்ச் 24ஆம் தேதி, ‘இரத்த நாள்’ அன்று, கல்லுஸ்கள் அருள் வந்து ஆடும்போது தங்களை அடித்துக்கொண்ட சாட்டை அது. முகத்தில் மட்டும் வெறியே இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் படம் எடுக்க அமர்ந்ததுபோல அத்தனை நிதானம். தன்னை இப்படித்தான் நினைவில் வைக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார்.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

* * *

நான் பார்த்தது துருக்கியில், பாமுக்கலேயில். எல்லோரும் வெள்ளைப் படிக்கட்டுக் குளங்களைப் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள். நான் போனது மேலே இருக்கும் ஹியராபோலிஸ் நகரத்து ‘புளூட்டோனியோனுக்காக’. பாதாள உலகின் வாசல் என்று பழைய காலத்தில் நம்பிய இடம். இத்தாலிய அகழாய்வுக் குழு 2013இல் அதைக் கண்டெடுத்ததாக அறிவித்தது.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அங்கே வந்திருக்கிறார். உள்ளே விட்ட காளைகள் விழுந்து செத்தன. அவரே சிட்டுக்குருவிகளை வீசிப் பார்த்தார்; அவையும் உடனே செத்துவிழுந்தன. ஆனால் கல்லுஸ்கள் மட்டும் உள்ளே போய், குனிந்து பார்த்துவிட்டு, உயிரோடு வெளியே வந்தார்கள். அன்னையின் அருளா, அறுத்துக்கொண்ட உடம்பின் தன்மையா, மாற்று மருந்தா என்றெல்லாம் அவர் யோசிக்கிறார். அவர்கள் மூச்சை அடக்கியிருந்ததையும், திணறல் முகத்தில் தெரிந்ததையும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

வேலிக்கு வெளியே நின்றபடி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிலத்தடியிலிருந்து கரியமில வாயு வருகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்குகிறது. வெயில் ஏறினால் கலைகிறது. இரவிலும் விடியற்காலையிலும் அடர்த்தியாக நிற்கிறது. காளையின் மூக்கு தாழ்வாக இருக்கும், நிமிர்ந்து நிற்கும் மனிதனின் மூக்கு அதற்கு மேலே இருக்கும். சரி, விளக்கம் கிடைத்துவிட்டது. அதனால் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த இடத்தில் குனியலாம், எத்தனை நேரம் நிற்கலாம் என்பதைப் பரம்பரையாகக் கற்று, ஒவ்வொரு முறையும் உயிரைப் பணயம் வைத்து உள்ளே போன மனிதர்கள் அவர்கள்.

* * *

நான் ரோமானியச் சட்டம் படித்தபோது ஒரு வழக்கில் இவர்களைச் சந்தித்தேன். கெனுசியுஸ் என்ற கல்லுஸுக்கு ஒருவர் உயிலில் சொத்து எழுதிவைத்தார். பிரேட்டர் என்ற நீதி அதிகாரி கொடுக்கச் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய, கி.மு. 77இல் கான்சலாக, அதாவது ரோமின் உச்ச ஆட்சிப் பதவியில், இருந்த மாமெர்குஸ் எமிலியுஸ் லெபிடுஸ் அதை ரத்து செய்தார். காரணம், கெனுசியுஸ் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இத்தனைக்கும் அன்னையைக் கி.மு. 204இல், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்தபோது, அரசே ஒரு கறுப்புக் கல்லின் வடிவில் ஃபிரிகியாவிலிருந்து வரவழைத்தது. தெய்வம் வேண்டும், பூசாரிக்குச் சொத்துரிமை கூடாது. ரோமானியக் குடிமகன் யாரும் கல்லுஸ் ஆகவும் கூடாது. அன்று வகுப்பில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

* * *

ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் 63ஆம் கவிதையைத் தமிழில் கொண்டுவர முயன்று இரண்டு வருடம் ஆகிறது. 93 வரிகள்தான். கடல் கடந்து ஃபிரிகியக் காட்டுக்கு வரும் ஆட்டிஸ் முதலில் ஆண்பாலில் வருகிறான். தன்னை அறுத்துக்கொண்டு வெள்ளைக் கைகளில் கைப்பறையை எடுக்கும் நொடியில் இலக்கணம் பெண்பாலுக்கு மாறிவிடுகிறது. லத்தீன் வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டாது. பெயரடையில்தான் அது தெரியும். தமிழில் தப்பிக்க வழியே இல்லை. எடுத்தானா, எடுத்தாளா? அழுதானா, அழுதாளா? ஒவ்வொரு வினையிலும் நான் தீர்ப்பு சொல்லியாக வேண்டும்.

மறுநாள் வெறி தெளிந்து கடற்கரையில் நின்று ஊரை நினைத்து அழும் இடம்தான் கடினம். ‘அழுதார்’ என்று போட்டுப் பார்த்தேன், உயிரே போய்விட்டது. கடைசியில் அன்னை ஏவிய சிங்கம் ஆட்டிஸைக் காட்டுக்குள் விரட்ட, ஆயுள் முழுக்கப் பணிப்பெண் என்று முடிகிறது. அங்கே லத்தீனே பெண்பாலில்தான் சொல்கிறது. அந்த ஒரு வரியில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

* * *

நான் இருப்பது வடக்கு இங்கிலாந்தில். கேட்டரிக் பக்கம் 1981இல் தோண்டிய ரோமானியக் கல்லறைகளில் ஒன்று இருபதுகளில் இருந்த ஓர் ஆணுடையது. கி.பி. 4ஆம் நூற்றாண்டு. கழுத்தில் ஜெட் என்னும் கருமணிகளால் ஆன மாலை, கையில் வளைகள், காலில் வெண்கலத் தண்டை. வாயில் இரண்டு சிறு கூழாங்கற்கள். கல்லுஸாக இருக்கலாம் என்று 2002இல் அறிவித்தார்கள். அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை, நானும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நகைகளைப் போட்டு, கற்களை எண்ணி வாயில் வைத்து அடக்கம் செய்தவர்கள் அவரை அருவருக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைப்பேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி. எழுதிவிட்டு ஒன்றை மறந்துவிட்டேன். ரோமின் பலத்தீன் குன்றில் அன்னையின் கோயில் கி.மு. 191இல் திறக்கப்பட்டது, இன்று அடிப்பீடம்தான் மிச்சம், அதன்மேல் மரங்கள் நிற்கின்றன. அங்கே தோண்டியபோது குடியரசுக் காலத்துச் சுடுமண் ஆட்டிஸ் பொம்மைகள் கிடைத்தன. நேர்ந்துகொண்ட மக்கள் கொண்டுவந்து வைத்தவை. சட்டம் விலக்கிவைத்த காலத்திலேயே பக்தர்கள் அவனிடம் வந்திருக்கிறார்கள். ரோம் போகிறவர்கள் ஏப்ரல் 4 முதல் 10 வரை போகப் பாருங்கள். அன்னையின் திருவிழாவான மெகலேசியா நடந்த நாட்கள் அவை.