‘லீன்’ உற்பத்திக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்கு முன்

உப்புவெளியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை என் தொழில்நுட்ப மாணவர்களைச் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையைப் பார்க்கக் கூட்டிப்போகிறேன். அவதானிப்புத் தாளைத் தமிழில் தயாரிக்கிறேன். ‘கைசன்’ தொடர் மேம்பாடு, சரி. வேலை நடக்கும் இடமான ‘கெம்பா’வுக்குக் களம் இருக்கிறது, நெல் அடிக்கிற களம்தான். வீணை அகற்றி வேலை தடையின்றி ஓடச்செய்யும் உற்பத்தி முறையான ‘லீன்’தான் இடிக்கிறது. ஒரு பாடக்குறிப்பில் ‘மெலிந்த உற்பத்தி’ என்று கண்ட மாணவி கேட்டாள்: “சேர், உற்பத்தி குறைஞ்சு போச்சு எண்டா அர்த்தம்?”

யாழ்ப்பாணத்திலிருந்து:
பிள்ளை கேட்டது நியாயம். டொயோட்டா முறைக்கு 1988இல் ஜோன் கிராஃப்சிக் வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் கொழுப்பில்லாத இறைச்சிக்கும் அதே சொல். தமிழில் மெலிவு என்றால் நோய், வறுமை. நான் ‘செட்டு உற்பத்தி’ என்பேன்; செட்டு என்றால் வீணின்றி அளவாக. செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள் என்று ஆச்சிமார் சொல்லும் செட்டு. செட்டி என்ற சொல்லும் இதிலிருந்தே பிறந்தது என்பது என் துணிபு. சமஸ்கிருத ‘சிரேஷ்டி’யின் திரிபு என்பார்க்குத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:
ஐயா, செட்டு என்றால் இங்கே பம்பு செட்டுதான் நினைவுக்கு வரும். சிக்கனம் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? திருவாசகத்துச் ‘சிக்கென’வின் உறவு அது, இறுக்கம், உறுதி. அப்புறம், மேலாண்மைப் பாடத்தில் எல்லாருக்கும் புரிகிற சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இங்கே அது முகாமைத்துவம். அதை விடுவோம். சிக்கனம் காசைப் பற்றியது. டொயோட்டா முறையை உருவாக்கிய பொறியியலாளர் தாயிச்சி ஓனோ எண்ணிய ஏழு வீண்களில் காத்திருப்பும் உண்டு, வெறும் நடையும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியதாக அவர் கண்டது மிகையுற்பத்தி. அது சிக்கனத்துக்குள் வருமா?

நிலாவெளியிலிருந்து:
தம்பிமாரே, நான் பட்டறையில் நின்றவன். எங்கள் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் கறுப்பு மையில் கீறியிருக்கும். பதினேழாம் நம்பர் தொங்காவிட்டால் அந்தக் கறுப்பு மட்டும் தெரியும். யார் எடுத்தது என்று உடனே குரல் கொடுப்போம். அதைத் தேடி நடந்த நடையெல்லாம் அதோடு நின்றது. இரண்டு மெசினுக்கு நடுவே சாமான் குவிந்தால் போர்மன் சொல்வது ஒரே வார்த்தை: “தேங்க விடாதே.” சொல் அங்கேயே இருக்கிறது. ‘தேங்கா உற்பத்தி’ என்று வையுங்கள்.

கோவையிலிருந்து:
அருமையான ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆனால் மாணவர் காதில் தேங்காய் என்றுதானே விழும்?

நிலாவெளியிலிருந்து:
அப்படியானால் ‘தேங்காத உற்பத்தி’. ஓர் எழுத்துக் கூடினால் என்ன குறைந்துவிடும்? வேலை செய்கிறவன் வாயில் நிற்காத சொல் அகராதியில் மட்டும் கிடந்து என்ன பயன்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
பெயரெச்சம் கலைச்சொல்லாகாது. அதிலிருந்து வினையை எப்படிப் பிறப்பிப்பீர்கள்? ஓர் ஆலை ‘தேங்காததாகியது’ என்றா? செட்டாக்கம், செட்டாக்கு, செட்டாளர் என எத்தனை கிளைக்கின்றன பாருங்கள்.

உப்புவெளியிலிருந்து:
நன்றி. தாள் இன்று அச்சுக்குப் போகிறது. நான் கேட்டுப்பார்த்தவர்களில் கூடுதலானோர் சிக்கனத்தையே சொன்னதால் தலைப்பில் ‘சிக்கன உற்பத்தி’. நிலாவெளி அண்ணையின் சொல்லை முதல் கேள்வியில் வைத்தேன்: “இந்தக் களத்தில் பொருள் எங்கே தேங்கி நிற்கிறது? அந்த இடத்தை வரைக.”

யாழ்ப்பாணத்திலிருந்து:
தலைப்பை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் செட்டு பற்றிய மடல் வரும்.