தனியாக இருக்கும் அம்மா, ஒரு கறவை மாடு: அடைமழைக்கு முன் என்ன செய்து வைப்பது?

வண்டல்மண் (திருப்பூர்):
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அம்மாவுக்கு வயது 74. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முழங்கால் வலி வேறு. ஓட்டு வீட்டில் அவரும் ஒரு கறவை மாடும் கன்றும் நாயும்தான். கஜா புயல் அடித்தபோது அப்பா இருந்தார், இப்போது இல்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. "புயல் வந்தால் முகாமுக்குப் போம்மா" என்றால், "மாட்டை யார்டா பாப்பா?" என்கிறார். ஞாயிறு ஒரு நாள்தான் ஊரில் இருப்பேன். எதை முதலில் செய்வது?

வேதாரண்யத்து அக்கா:
தம்பி, முதலில் மாட்டுக்கு இடம் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை எங்கள் பக்கம்தான் கஜா கரையைக் கடந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் வீட்டை விட்டு வரமாட்டேன் என்ற பெரியவர்கள் எல்லோரும் ஆடு மாடு வைத்திருந்தவர்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அவர்கள் பிழைப்பே அதுதானே. மேட்டில் காரை வீடு உள்ள சொந்தக்காரர் யாராவது இருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நேரில் பேசிவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு அவரவர் பாடு அவரவருக்கு. மாடு போய்ச் சேரும் வீட்டுக்கு அம்மாவும் மறுக்காமல் வருவார்.

அப்புறம் கரண்ட். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை, அதனால் ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். பெரிய பானையில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னப் பானை வைத்து, அதற்குள் இன்சுலினை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். ஐஸ் மேல் வைத்து உறைந்துவிட்டால் மருந்து வீண். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதாரை பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மா கைக்கு எட்டும்படி வையுங்கள்.

கொட்டில்காரர்:
கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். குறுவை வைக்கோல் நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும், அதை மாட்டுக்குப் போடவே கூடாது. காய்ந்ததை இப்போதே மேடான இடத்துக்கு ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காற்று வீசும்போது தென்னை மரத்தடியிலோ மின்கம்பத்தடியிலோ கட்ட வேண்டாம். தண்ணீர் ஏறினால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். முளையில் கட்டியபடி விட்டுப்போன மாடுதான் சாகும். நாயின் சங்கிலியையும் மறக்காதீர்கள். அடிபட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

வண்டல்மண்:
பெரியப்பா வீடு காரை வீடுதான், வாய்க்கால் மேட்டில் இருக்கிறது. கொல்லையில் கொட்டகையும் உண்டு. இரவே போன் செய்து பேசிவிடுகிறேன். நன்றி அக்கா, நன்றி ஐயா. இன்னொன்று: அம்மா எப்போதும் வெறுங்காலோடுதான் கொட்டிலுக்குப் போவார்.

வேதாரண்யத்து அக்கா:
அதை விடாதீர்கள் தம்பி. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சேற்றுப்புண் லேசில் ஆறாது, தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சலும் வரும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி திருப்பூரிலிருந்தே வாங்கி வாருங்கள். பால் கறக்க ஒரு வாரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், பாலைப் பங்கு கொடுத்தால் வருவார்கள். ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, அம்மாவின் போனில் முதல் எண்ணாகப் போட்டுவிடுங்கள்.