சுகர் 150-ஆ, 8.3-ஆ? அம்மா அப்பாவை இங்கிலாந்துக்குக் கூட்டி வரும் முன் பார்க்க வேண்டியவை

மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்திலிருந்து புதிதாக இங்கிலாந்து வந்திருப்பவர்களுக்கும், அம்மா அப்பாவைக் கூட்டி வரப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இங்கே வார்டில் நர்ஸ். வீடு, பேங்க் அக்கவுண்ட், பிள்ளைகளின் ஸ்கூல் பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை எண்களைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை, வந்த புதிதில் நம் ஆட்கள் பயந்துபோய் போன் செய்வது பெரும்பாலும் அதற்காகத்தான்.

ஊரில் மார்த்தாண்டத்து லேபில் டெஸ்ட் எடுத்தாலும், பாறசாலை தாண்டித் திருவனந்தபுரத்தில் எடுத்தாலும் சுகர் ஒரே அளவில்தான் வரும், ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று. அதனால் சுகர் எவ்வளவு என்று கேட்டால் 150 என்று எண்ணை மட்டும் சொல்லி நமக்குப் பழக்கம். இங்கே ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறார்கள். ஊர் எண்ணை 18-ஆல் வகுத்தால் இங்கத்து எண். 70 என்பது 3.9, 100 என்பது 5.6, 126 என்பது 7, 180 என்பது 10. கனடா, ஆஸ்திரேலியாவிலும் மில்லிமோல்தான், அமெரிக்கா போகிறவர்களுக்கு மட்டும் ஊர்க் கணக்கே போதும்.

இதில் உண்மையான ஆபத்து எங்கே என்றால், வீட்டில் சுகர் பார்க்கும் மீட்டரில் 18 என்று வரும்போது ஊரிலிருந்து வந்த மாமியார் சுகர் ரொம்ப இறங்கிவிட்டது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போவார், ஆனால் அது ஊர்க் கணக்கில் 324. இன்னொரு குழப்பம், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி. ஊர் ரிப்போர்ட்டில் அது 7.8 சதவீதம் என்று இருக்கும், இங்கே மீட்டரில் சாப்பாட்டுக்கு அப்புறம் 7.8 மில்லிமோல் என்று வரும், இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. மீட்டரின் 7.8 ஊர்க் கணக்கில் 140, அது நல்ல எண். ஹெச்பிஏ1சி 7.8 என்றால் சராசரி சுகரே 177 பக்கம் ஓடியிருக்கிறது. போதாததற்கு இங்கே 2011 முதல் ஹெச்பிஏ1சியையும் சதவீதத்தில் கொடுப்பதில்லை, 6.5 சதவீதம் 48 ஆகிவிடும். இதற்கு வார்டில் நாங்கள் வைத்திருக்கும் சுருக்கு வழி: சதவீதத்திலிருந்து 2 கழித்தால் முதல் இலக்கம், அதிலிருந்து மறுபடி 2 கழித்தால் அடுத்த இலக்கம். 7 என்றால் 53, 8 என்றால் 64, 9 என்றால் 75. முழு எண்களுக்கு மட்டும்தான் இது சரியாக வரும்.

அடுத்து இன்சுலின், இதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. இங்கே சாதாரணமாக வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் இங்கத்து இன்சுலினை 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சுகர் இறங்கி ஆள் மயங்கிவிடலாம், உயிருக்கே ஆபத்து. ஊர்க் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை எடுத்தால் 8 யூனிட்தான் போகும், சுகர் ஏறிக்கொண்டே இருக்கும், காரணமும் புரியாது. கோட்டைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊர்க் குப்பி தீரும்வரை ஊர் சிரிஞ்சு, தீர்ந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் பேனாவில் யூனிட்டை அதுவே அளந்து கொடுக்கும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துபோனால் அது வீண். ஊர் மீட்டர் கொண்டுவந்தால் ஸ்ட்ரிப்பும் நிறையக் கொண்டுவாருங்கள், அதே மாடலுக்கு இங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது.

மற்ற ரிப்போர்ட்டுகளில் பயம்தான் அதிகம், ஆபத்து குறைவு. கிரியாட்டினின் 106 என்று பார்த்ததும் கிட்னி போய்விட்டது என்று அழ வேண்டாம், அதை 88.4-ஆல் வகுங்கள், ஊர்க் கணக்கில் 1.2. ஹீமோகுளோபின் 115 என்றால் நம் 11.5. மொத்தக் கொழுப்பு 5.2 என்றால் 200. வைட்டமின் டி-யை 2.5-ஆல் வகுத்தால் ஊர் எண். பிரஷர் மட்டும் எங்கே போனாலும் 120/80 அப்படியே இருக்கும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு: தெர்மாமீட்டர் இங்கே செல்சியஸ். நம் 100.4 இங்கே 38, மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 வந்தால் காத்திருக்காமல் உடனே இங்கத்து மருத்துவ உதவி எண்ணான 111-க்கு போன் செய்யுங்கள். பாரசிட்டமால் சிரப்பை எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று மட்டும் சொன்னால் போதாது. இங்கே சின்னப் பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், ஊரில் 250 உள்ளதும் சாதாரணமாகக் கிடைக்கும், அதே 5 மில்லி என்றாலும் மருந்து இரண்டு மடங்கு. பாட்டில் லேபிளைப் பார்த்து மில்லிகிராமில் சொல்லுங்கள், பாட்டி பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த பாட்டிலையும் சேர்த்துப் பாருங்கள்.

தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும், ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டாக்டரிடம் 100 மில்லிகிராம் என்று வாய் தவறிச் சொல்லாமல் அட்டையையே காட்டுங்கள்.

கிளம்பும் முன் ஊர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் மருந்தின் பொதுப் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கடைசி டெஸ்ட் எண்கள் யூனிட்டோடு, எல்லாம் டைப் அடித்து இருக்க வேண்டும். அதை ஜிபியிடம் (இங்கத்துக் குடும்ப டாக்டர்) முதல் தடவை போகும்போதே கொடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் புரியாத எண் இருந்தால் யூனிட்டோடு கீழே எழுதுங்கள், டியூட்டி முடிந்து வந்து பதில் போடுகிறேன். போட்டோ போடுவதாக இருந்தால் பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.