ஒரு தரம், இரண்டு தரம்: பசிக்காக ஓவியங்களை ஏலம் விட்ட அனுபவம்

அந்தக் கோட்டோவியத்துக்கு ஆரம்ப விலை 10,000 ரூபாய் என்று அறிவித்தோம். அரங்கில் ஒரு கையும் உயரவில்லை. ஏலம் நடத்தியவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி; அடகு நகைகளை ஏலம் விட்டுப் பழகிய குரல் அவருடையது. எட்டாயிரம் என்று இறக்கினார். பிறகு ஏழு. கடைசியில் ஆறாயிரத்துக்கு ஒருவர் தலையசைத்தார். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்." வரைந்த பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையோரம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவர் பக்கம் திரும்பும் துணிவு வரவில்லை.

இது 2018இல் சென்னையில் நடந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் அரசு மருத்துவமனையின் பின்தெருவில் சிறிய சமையற்கூடம் நடத்துகிறோம். மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு. உடன் தங்குபவருக்குக் கிடையாது. பகலில் அம்மா உணவகம் இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்பது எத்தனை பேரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆனால் செங்கத்திலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ இரவு பத்து மணிக்கு மேல் வந்து இறங்குபவர்கள், கையிலிருந்ததை வழிச்செலவுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரைக் குடித்து வராந்தாவில் படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்காகத்தான் எங்கள் இரவுச் சாப்பாடு. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 120 பேர், ஆளுக்கு 32 ரூபாய். கையிருப்பு கரைந்துகொண்டே வந்தபோது, எங்களில் ஒருவர் ஓவிய ஏலம் நடத்தலாம் என்றார்.

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர்களைத் தேடித் தேடிப் போனோம். நல்ல காரியம் என்று யாரும் மறுக்கவில்லை. அந்தப் பெரியவரின் வீடு பெரம்பூரில் ஒரு மாடிப் பகுதி. படத்தைப் பழைய வேட்டியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். மூன்று கல் அடுப்பின் முன் குந்தியிருக்கும் ஒரு பெண். முகம் தெரியாது, ஊதுகுழல் பிடித்த கையும் முதுகின் வளைவும்தான். பேனா மையில் நாலைந்து கோடுகளில் அந்த முதுகை நிறுத்தியிருந்தார்.

"கையேந்துகிற படம் வேண்டாம் என்று நினைத்தேன் அம்மா. சமைக்கிற கையை வரைந்தேன்" என்றார். பிறகு வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினார். 1943இல் ஓவியர் சித்தபிரசாத் மேதினிபூர்க் கிராமங்களில் நடந்து திரிந்து வரைந்த படங்களை நூலாக அச்சிட்டதையும், ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறித்து எரித்ததையும் சொன்னார். இன்னோர் ஓவியர் ஜைனுல் ஆபிதீன் மலிவான பொட்டலக் காகிதத்தில் கல்கத்தாத் தெருக்களை வரைந்ததைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில், வாசலை ஒட்டி நின்றுகொண்டு, "படத்துக்குச் சட்டம் போடும் செலவை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். அதைக் கேட்க அவர் எத்தனை தயங்கியிருப்பார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. கண்ணாடியோடு 1,900 ரூபாய். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. பசியைப் போக்கப் பணம் கேட்டுப் போன நாங்கள், அந்த வீட்டில் அன்று என்ன சமைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

ஏலத்துக்கு முந்தைய நாள் படங்களையெல்லாம் சமையற்கூடத்தில் அடுக்கியிருந்தோம். அப்போது செங்கம் பக்கத்துப் பெண் ஒருவர், கணவரைச் சிறுநீரகச் சிகிச்சைக்குச் சேர்த்திருந்தவர், மாலையில் பார்வை நேரம் வரும்வரை எங்களுடன் காய் நறுக்க வருவார். அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இதில் விறகு தப்பாக இருக்கிறதே" என்றார். "இப்படி நெருக்கி அடைத்தால் காற்று எப்படிப் போகும்? புகைதான் வரும். முனை மட்டும் உள்ளே இருக்க வேண்டும், எரிய எரியத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்."

சட்டத்துக்குக் கொக்கி மாட்ட வந்திருந்த பெரியவர் இதைக் கேட்டுவிட்டார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. அவரோ தரையில் உட்கார்ந்து, "எப்படி வைக்க வேண்டும், காட்டுங்கள் அம்மா" என்றார். அந்தப் பெண் முருங்கைக்காய்த் துண்டுகளை விறகாக அடுக்கிக் காட்டினார். பெரியவர் ஒரு மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் அதை வரைந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை முழுவதும் அந்தப் பெண்ணின் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. மறுநாள் ஏல மேடையில் 'பயனாளி' ஒருவரை நிறுத்திப் பேசவைக்கலாம் என்று ஒரு நன்கொடையாளர் சொல்லியிருந்தார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுப்பு எரிய வைக்க நமக்குக் கற்றுக்கொடுத்தவரை எந்த முகத்தோடு அங்கே நிறுத்துவது?

31 படங்களில் 19 விற்றன. வந்தது 2,84,000 ரூபாய். அரங்க வாடகை, விளக்கு, சிற்றுண்டி எல்லாம் 46,000. சிற்றுண்டி மட்டும் 14,000. மூன்று இரவுச் சாப்பாட்டுக்கு மேல். மிச்சத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் அடுப்பு எரிந்தது. நல்ல தொகைதான். ஆனாலும் அந்த "ஒரு தரம், இரண்டு தரம்" என் காதைவிட்டுப் போகவில்லை.

மறுமுறை நடத்தியபோது இரண்டு விதிகள் வைத்தோம். படத்துக்குச் சட்டம் போடும் செலவு எங்களுடையது. விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு வரைந்தவருக்கு, வேண்டாம் என்றாலும் கையில் கொடுத்துவிடுவோம். தர்மத்துக்கான பணத்தில் கை வைக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை. ஆனால் நடந்தது வேறு. முதல்முறை பாதிப் பேர் பரணில் கிடந்ததைக் கொடுத்திருந்தார்கள். இந்த முறை புதிதாக வரைந்து கொடுத்தார்கள். 22 படங்களில் 20 விற்றன. ஓவியர்களின் பங்கும் செலவும் போகச் சாப்பாட்டுக்கு வந்தது முதல்முறையைவிடக் கூடுதல். ஏலம் நடத்த நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதிய பதில்:

உங்கள் பகிர்வைப் படித்ததும் இங்கே நடக்கும் காலிக் கிண்ண விருந்து நினைவுக்கு வந்தது. 1990இல் இந்த மாநிலத்துப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஜான் ஹார்ட்டம் தொடங்கியது. இப்போது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. மாணவர்களும் குயவர்களும் கிண்ணம் வனைந்து கொடுப்பார்கள். வருபவர் பணம் கட்டி ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, சூப்பும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பணம் பசித்தவர்களுக்கு உணவு தரும் அமைப்புகளுக்குப் போகும். ஏலத்தில் தோற்றுப்போன படம் என்று இங்கே ஒன்று கிடையாது. கோணல் கிண்ணத்துக்கும் அதே விலை.

காரைக்குடியிலிருந்து வந்திருந்த என் மாமியாரை ஒருமுறை அழைத்துப் போனேன். பச்சை மெருகு ஒரு பக்கம் வழிந்து உறைந்த கிண்ணம் ஒன்றை எடுத்தார். அடியில் ஒரு குழந்தையின் பெயரெழுத்து கீறியிருந்தது. வெறும் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றுவிட்டார். "காலிப் பாத்திரத்தோடு எப்படி உள்ளே வருவது?" என்றார். நான் உள்ளே போய் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து போட்ட பிறகுதான் காலடி வைத்தார். அன்றிலிருந்து சோறு வைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தார். அவர் ஊருக்குத் திரும்பியபோது மூன்று கிலோ சேர்ந்திருந்தது. பக்கத்து உணவு வங்கியில் கொடுத்தேன். புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் எத்தனை நல்ல பீங்கான் கலைஞர்கள் இருக்கிறார்கள்! அங்கே யாராவது இதைச் செய்து பார்க்கலாமே.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் கணக்குத் தணிக்கை செய்பவன். 2019இல் இப்படி ஓர் ஏலத்தில் உதவியபோது, படம் வாங்கிய ஒருவர், நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற உதவும் 80ஜி ரசீது கேட்டுக் கோபித்துக்கொண்டு பாதியில் போய்விட்டார். படத்தைப் பெற்றுக்கொண்டு கொடுத்த பணம் நன்கொடை ஆகாது, அது கொள்முதல். படத்தையே தானமாகத் தந்த ஓவியருக்கும் அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் பொருளாகக் கொடுப்பது அதில் சேராது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. ஏலம் தொடங்குவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் இதைச் சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது. ஓவியருக்குப் படச் சட்டத்தின் செலவும் கிடையாது, வரிச்சலுகையும் கிடையாது என்றால், அந்தக் கூடத்தில் உண்மையில் கொடுத்தவர் அவர் மட்டும்தான். மூன்றில் ஒரு பங்கு சரியான முடிவு.

முதலில் பகிர்ந்தவர்:

காரைக்குடி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிடி அரிசிப் பானை ஒன்று எங்கள் கூடத்திலும் இந்த வாரமே வைக்கிறோம்.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பெரியவர் அந்த மளிகைச் சீட்டை வைத்துப் படத்தைப் புதிதாக வரைந்தார். விறகு விலகி, நடுவில் தணல் தெரிகிறது. இரண்டாவது ஏலத்துக்குத் தருவார் என்று நினைத்தேன். அவரோ சமையற்கூடத்துக்கு எடுத்துவந்து, நாங்கள் காய் நறுக்கும் இடத்துக்கு எதிரே தானே ஆணி அடித்து மாட்டினார். அதற்குள் செங்கத்துக்காரர் கணவரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். மறுபரிசோதனைக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "இப்போது எரியும்" என்றார்.

கண்ணாடியில் தாளிப்புப் புகை படிகிறது. வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறோம். அடுத்த ஏலம் தை மாதம். சட்டம் போடும் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம்.