கிழங்கு உறக்கம்: ஒரு சொல் போதாது

விதையோ கிழங்கோ முளைக்காமல் அடங்கிக் கிடக்கும் நிலையைக் குறிக்கும் 'டார்மன்சி' (dormancy) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் செயலறுநிலை, முடக்கம், துயில்நிலை என்று மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன. செங்காந்தளை வைத்தே இவற்றை உரசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தங்கும். அப்போது தண்ணீர் விட்டாலும் முளைக்காது. ஆனால் உள்ளே அது சும்மா இருப்பதில்லை; சுவாசிக்கிறது, சேர்த்துவைத்த மாவுப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. இதைப் போய்ச் 'செயலறுநிலை' என்பது உண்மைக்கு மாறானது. 'முடக்கம்' நோயைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. வேளாண் நூல்களில் 'விதை உறக்கம்' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதன் பக்கத்திலேயே 'கிழங்கு உறக்கம்' என்று வைத்தால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. துயில் அழகான சொல்தான், ஆனால் புழக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு அதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1987இல் தாவர ஆய்வாளர் லாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் உறக்கத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தடை மொட்டுக்குள்ளேயே இருப்பது ஒன்று. ஈரமோ வெப்பமோ போதாமல் காத்திருப்பது இன்னொன்று. அதே செடியின் வேறொரு பாகம் அடக்கிவைப்பது மூன்றாவது. இவற்றுக்கு அக உறக்கம், சூழல் உறக்கம், அடக்க உறக்கம் என்ற சொற்களை முன்வைக்கிறேன். "அக உறக்கம் கலைந்துவிட்டது, மழை இல்லாததால் இப்போது சூழல் உறக்கத்தில் இருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. பயிரிடுபவருக்கும் இந்த வேறுபாடு முக்கியம்: முதல் நிலையில் பாய்ச்சும் தண்ணீர் வீண், கிழங்கு அழுகவும் கூடும். இரண்டாவது நிலையில் தண்ணீர்தான் மருந்து.

ஹார்மோன் பெயரை ஒட்டிச் சொல்லாக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ஜிப்ரெலின் என்ற தாவர ஹார்மோன் உருளைக்கிழங்கின் உறக்கத்தைக் கலைக்கும், வள்ளிக்கிழங்கு இனமான டயாஸ்கோரியாவிலோ அதே ஜிப்ரெலின் உறக்கத்தை நீட்டிக்கும். அதை நம்பி ஒரு சொல்லைக் கட்டினால் அடுத்த செடியிலேயே பொய்த்துப்போகும்.

முளைப்புக்கும் சொல் வேண்டும். விதைக்கு 'முளைத்தல்' இருக்கட்டும். கிழங்குக்கு 'முளைகட்டுதல்' என்றால் பயறுதான் நினைவுக்கு வரும், அதனால் 'முளைவிடுதல்' என்பதே என் தேர்வு. முளை கிளம்பும் இடத்துக்கு 'முளைக்கண்' பொருந்தும். செங்காந்தள் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு (கையுறையோடு; அதிலுள்ள கோல்சிசின் கடும் நஞ்சு) இது தெரிந்திருக்கும். கலப்பை போல இரண்டாகப் பிரியும் கிழங்கில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான். உருளைக்கிழங்கில் ஒரு கண் போனால் இன்னொன்று எழும்பும். இதில் நுனி ஒடிந்துவிட்டால் அந்தத் துண்டு முளைவிடாது. அதை உறக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக 'கண்ணிழப்பு' என்று ஒரு தனிச்சொல்லையும் சேர்க்கச் சொல்கிறேன்.

'அடக்க உறக்கம்' பற்றி மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. இறந்தவரை அடக்கம் செய்வதை அது நினைவூட்டுகிறது. 'சார்பு உறக்கம்' அதைவிடத் தேவலையா? தாவரவியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு, எது மாணவர் வாயில் எளிதாக வருகிறது என்று எழுதுங்கள்.