பரணிலிருந்து இறங்கிய கமோடோர் 64

தம்பி, காலை 9:12
பரணில் என்ன கிடைத்தது பாருங்கள். பெரிய மாமாவின் பழைய கம்ப்யூட்டர், கமோடோர் 64! சாயங்காலம் ஆன் செய்து பார்க்கிறேன் 🎉

பெரிய மாமா, 9:14
செய்யாதே.

பெரிய மாமா, 9:14
பிளக் கையில் இருந்தால் கீழே வை.

அக்கா, 9:15
மாமா காலையிலேயே டைப் செய்கிறார் என்றால் விஷயம் பெரிதுதான் 😄

பெரிய மாமா, 9:21
கூடவே செங்கல் கனத்தில் ஒரு பவர் சப்ளை இருக்குமே, வில்லன் அதுதான். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போனால் 5 வோல்ட் எகிறிவிடும், மெமரி சிப்கள் பொசுங்கிவிடும். சோதிக்காமல் சுவிட்சைத் தட்டி ஒரு மெஷினை நானே கொன்றிருக்கிறேன். இன்னும் வலிக்கிறது.

தம்பி, 9:24
மல்டிமீட்டரில் 5 காட்டினால் போடலாமா?

பெரிய மாமா, 9:30
இப்போது 5 காட்டும். அரை மணி நேரம் சூடான பிறகு? பலவற்றில் உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை. இதற்கென்றே புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்கு. 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியும் வேண்டும், அதனால் போன் சார்ஜரை வெட்டி ஒட்டும் யோசனையே வேண்டாம்.

அம்மா, 9:33
அதுவரை சாப்பாட்டு மேசையிலேயே கிடக்குமா அது?

*பத்து நாள் கழித்து*

தம்பி, மாலை 6:02
புது சப்ளை வந்தது. நீலத் திரையும் வந்தது!! ஆனால் 38911 பைட்ஸ் ஃப்ரீ என்கிறது. 64 கேபி மெமரி என்றார்களே, மீதி எங்கே?

பெரிய மாமா, 6:05
எங்கேயும் போகவில்லை. பேசிக் மொழியும், கெர்னல் என்ற அடிப்படை புரோகிராமும் ரோமாக, அதாவது அழியாத மெமரியாக, அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மெஷின் மொழியில் எழுதுகிறவர்கள் ரோமை விலக்கிவிட்டு அடியில் இருப்பதையும் எடுத்துக்கொள்வார்கள்.

அக்கா, 6:06
1982 மாடலா? என்னைவிட மூத்தது. மரியாதையாகப் பேசுடா

தம்பி, 6:08
512 கேபி மெமரி எக்ஸ்பான்ஷன் ஒன்று பார்த்தேன். வாங்கட்டுமா?

பெரிய மாமா, 6:15
பெரும்பாலான கேம்கள் அதைத் தொடுவதே இல்லை. முதலில் எஸ்டி2ஐஇசி வாங்கு. எஸ்டி கார்டை டிஸ்க் டிரைவ் போலக் காட்டும். கமோடோரின் உண்மையான டிஸ்க் டிரைவான 1541-இன் ஒரு டிஸ்கில் 170 கேபிதான் பிடிக்கும், அதுவும் ஆமை வேகம். ஆனால் டிஸ்கிலிருந்து வேகமாக ஏற்றச் சொந்தமாக ஃபாஸ்ட் லோடர் வைத்திருக்கும் சில கேம்கள் எஸ்டி2ஐஇசியில் ஏறாது. அது எரிச்சலாக இருந்தால் அப்புறம் ராஸ்பெரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரில் ஓடும் பை1541. அது 1541-ஐ அப்படியே நடித்துக் காட்டும்.

பெரிய மாமா, 6:16
டிவிக்கு ஆன்டெனா வழியாகப் போகாதே. பின்னால் வீடியோ சாக்கெட் இருக்கிறது. அதில் 8 ஊசி இருந்தால் எஸ்-வீடியோ கேபிள் போடலாம், எழுத்து பளிச்சென்று தெரியும்.

*அடுத்த ஞாயிறு*

தம்பி, காலை 11:40
கார்டு போட்டாயிற்று. கேமை ஏற்ற லோடு கட்டளை அடித்துவிட்டேன், மேற்கோள் குறி எங்கே மாமா?? கீபோர்டு முழுக்கத் தேடிவிட்டேன்

பெரிய மாமா, 11:41
ஷிஃப்ட் 2.

தம்பி, 11:52
கேம் ஓடுகிறது! ஆனால் ஆள் நகரவில்லை. வெளியே வந்து ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் திரையில் ஏதேதோ எழுத்து விழுகிறது. கெட்டுவிட்டதா?

பெரிய மாமா, 11:53
1-வது போர்ட்டில் சொருகியிருக்கிறாய். அதற்கும் கீபோர்டுக்கும் ஒரே கம்பி. நிறைய கேம்களுக்கு 2-வது போர்ட்தான். ஆஃப் செய்துவிட்டு மாற்று.

பெரிய மாமா, 11:53
ஆஃப் செய்துவிட்டு!

தம்பி, 12:10
ஓடுது 🕹️🕹️

பெரிய மாமா, 12:11
நான் கிளம்பிவிட்டேன். இன்னொரு ஜாய்ஸ்டிக் எடுத்து வருகிறேன்.

அம்மா, 12:12
மேசை?