நனைந்த ஆண்டெனாவால் வரும் இழப்பு: ‘நனைவு மெலிவு’ என்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்பேசிக் கோபுரங்களில் முரசு போலத் தெரியும் வட்ட ஆண்டெனாக்கள் நுண்ணலை வழியே ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. நடுவில் மழை பெய்தால் சமிக்ஞை மெலியும். எவ்வளவு மெலிந்தது என்று பார்த்து மழையளவைச் சொல்லிவிடலாம். நெதர்லாந்தில் சுமார் 2,400 இணைப்புகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் போட்ட மழை வரைபடம் 2013-இல் வெளிவந்தது. ஆனால் ஆண்டெனாவின் முன்மூடியில் ஒட்டும் நீரும் சமிக்ஞையைத் தின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் wet antenna attenuation எனப்படும் அந்த இழப்புக்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும்.

வந்த யோசனைகளில், ஆண்டெனாவை அலைவாங்கி என்று கொண்ட ‘அலைவாங்கி ஈர இழப்பு’ எனக்கு ஒப்பவில்லை. அனுப்பும் முனையும்தான் நனைகிறது. ‘வாங்கி’ என்றதும் மாணவர் அதை மறந்துவிடுவார். மூடியை உறை என்று கொண்டு ‘உறைநீர் இழப்பு’ என்றால் உறைந்த நீர் என்று படிப்பார்கள். ‘மழை’யும் வேண்டாம், மழையே இல்லாத விடியற்காலையில் பனி படர்ந்தாலும் இதே இழப்பு வரும்.

முதலில் எனக்குப் பிடித்தது ‘நனைவிழப்பு’. கச்சிதமான சொல். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இடறியது: நனைவால் இழப்பா, நனைவை இழப்பதா? இரண்டாவது என்றால் உலர்தல். மழை விட்ட பிறகும் மூடி உலரும்வரை சமிக்ஞை தாழ்ந்தே கிடக்கும் என்பது இத்துறையில் அடிக்கடி எழுத வேண்டிய செய்தி. ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால் கட்டுரை குழம்பிவிடும்.

அதனால் ‘நனைவு மெலிவு’ என்கிறேன். வழியில் நேர்வது மழை மெலிவு, மூடியில் நேர்வது நனைவு மெலிவு. முன்னது தூரத்தோடு கூடும், பின்னது கூடாது. 38 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மணிக்கு 10 மி.மீ. மழை சமிக்ஞையைக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 டெசிபல் (இழப்பை அளக்கும் அலகு) குறைக்கும். நெதர்லாந்துக் கணக்கில் நனைவுக்கென்று கழித்தது 2.3 டெசிபல். அதைக் கழிக்காமல் விட்டால், 1 கி.மீ. இணைப்பில் அந்த 10 மி.மீ. மழை 18 மி.மீ.க்கு மேல் பெய்ததாகத் தெரியும், 10 கி.மீ. இணைப்பில் 11-ஐக்கூடத் தொடாது.

அப்புறம், ‘நீர்ப்படலம்’ என்றும் ஒரு யோசனை வந்திருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது நீர் முத்து முத்தாக உருண்டு வழியும். வெயிலில் வெளிறிய பிறகு ஏடாகப் படரும். ஆண்டெனா மூடியும் அப்படித்தான். படலம் என்றால் ஏடு மட்டும். நனைவு என்றால் துளியும் அடங்கும்.

சரி, ‘மெலிவு’க்குப் பதில் ‘வலுவிழப்பு’ என்று வகுப்பில் சொல்லிப் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ‘நனைவு வலுவிழப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.